மிச்சத் துணி எங்க?

தையக்காரனுக்கு மெஷின், ஊசி, நூல் எல்லாம் அப்புறம்தான். மொதல்ல, திருடன்னு பேர் வாங்கிக்கிட்டும் சிரிச்ச மொகமா இருக்கத் தெரியணும். வீட்டுலயே மெஷின் போட்டுத் தைக்கிற மகாஜனங்களே, உங்களுக்கு இதைத் தனியா சொல்லணுமா? நா செஞ்சியில நைட்டி, பாவாடை, தலகாணி உறை, துணிப்பை மட்டும் தைக்கிறேன். பிளவுஸ் பக்கம் போறதில்ல. ஏற்கெனவே இருக்கிற சண்டை போதும்.

எங்க தெருவுல எதிர் வீட்டு பாத்திமாக்கா சொல்றதுதான் தீர்ப்பு. அவங்க நல்ல கறிக்கடைன்னு சொன்னா அது நல்ல கடை. அவங்க ஒரு வாட்டி என்னைத் துணித் திருடன்னு சொல்லிட்டா நா மெஷினை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆணியில தொங்குற ஆளு

அளவு எடுத்ததும் பழைய பேப்பர்ல மாதிரி வெட்டி, பேர் எழுதி, ஆணியில மாட்டிடுவேன். அடுத்த வாட்டி அளவெடுக்கிற வேலை மிச்சம். கடைசி வீட்டு செல்வி நைட்டித் துணியோட வந்துச்சு. மூணு மீட்டர் போதாதும்மா, இன்னும் கொஞ்சம் வேணும்னேன். ஆணியில இருந்த பேப்பரை அதுவே எடுத்து விரிச்சு, "யம்மா, இன்னா இது, பாய் மாதிரி! யாருது?"ன்னு கேட்டுச்சு.

ஓரத்துல பேர் எழுதியிருக்குது பாருன்னேன். பாத்துச்சு. மொகம் மாறிடுச்சு. பேப்பரை மடிச்சு என் கையில குடுத்துட்டு சொன்னது:

"இது நா இல்லண்ணா. துணி கூட கேக்கறதுக்குன்னே நீ பேப்பரைப் பெருசா வெட்டி வெச்சிருக்க."

திருப்பிக் குடுத்த குத்தம்

இந்தப் பேச்சே வேணாம்னு, வெட்டி மிஞ்சுன துண்டு அத்தனையும் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சேன். சும்மா குடுக்காம, அந்தத் துண்டுலயே ஒரு சுருக்குப் பை தச்சு, மிச்சத்தை அதுக்குள்ள போட்டு. ஒருத்தராவது சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தேன். அனந்தபுரத்துல இருந்து வர்ற ஒரம்மா பையைக் கொட்டி, துண்டுங்களைத் தரையில பரப்பி ஒண்ணோட ஒண்ணு சேத்து வெச்சுப் பாத்தாங்க. அப்புறம் நிதானமா எழுந்து, "இவ்ளோ திருப்பிக் குடுக்கிறியே, அப்ப நீ எடுத்தது எவ்ளோ இருக்கும்?"ன்னாங்க.

ரகசிய ஜிப்பு

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போற ஒருத்தர், கூட்டத்துல பிக்பாக்கெட் பயம்னு பை கேட்டாரு. பைக்குள்ள பை, அதுக்குள்ள ஜிப்பு, ஜிப்பு தெரியாம மேல ஒரு மடிப்பு. தச்சவனே தேடித்தான் கண்டுபிடிக்கணும். போய்ட்டு வந்தாரு. எல்லாம் பத்திரமா இருந்துச்சாங்கன்னு கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா அந்த ஜிப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்ச வேற ஆளு நீ ஒருத்தன்தான், அமாவாசை அன்னிக்கு நீ அந்தப் பக்கம் வராத."

தண்ணி குடிச்ச துணி

பாத்திமாக்கா பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகாரம் வெச்சுக் குடுக்க துணிப்பை வேணும்னு இருவது மொழம் காடாத் துணி கொண்டாந்தாங்க. என் எதிர்லயே முழங்கையால அளந்து குடுத்தாங்க. காடாவை நனைக்காம வெட்டினா, மொத தொவையல்ல பை சுருங்கிடும். அதனால ராத்திரியெல்லாம் ஊற வெச்சு, காலையில மாடிக் கொடியில போட்டேன். கோட்டைப் பாறை கொதிக்கிற வெயில், மதியத்துக்குள்ள காஞ்சிடும். நா பண்ண தப்பு ஒண்ணுதான்: அவங்ககிட்ட சொல்லல.

எதிர் மாடியில இருந்து பாத்துட்டாங்க. நேரா படியேறி வந்து, கொடியில வெச்சே அளந்தாங்க. பத்தொம்பது. மறுபடி அளந்தாங்க. பத்தொம்பதுதான். தண்ணியில போட்டா சுருங்கும்க்கான்னு சொன்னேன். பாதி ஈரத்தோட துணியைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு, படியிறங்கும்போது தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க:

"தையக்காரன் திருடிப் பாத்திருக்கேன், தண்ணி திருடுச்சுன்னு சொல்றவனை இப்பதான் பாக்குறேன்!"

ஒரு விரக்கடை

அன்னிக்குச் சாயங்காலமே செல்வி வந்து, நைட்டிக்குக் குடுத்த, இன்னும் வெட்டாத துணியைத் திருப்பிக் குடுண்ணான்னு வாங்கிக்கிட்டுப் போச்சு. அடுத்த நாள் இன்னும் ரெண்டு பேர். அதுக்கடுத்த நாள் யாரும் வரல; திருப்பிக் குடுக்க என்கிட்ட எதுவும் இல்ல. மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். போட்ட எண்ணெயைத் தொடைச்சேன். எங்க வீட்டுக்காரி, "மெஷினை வித்துடலாமா?"ன்னா.

அதுக்கும் மறுநாள் வாசல்ல பாத்திமாக்கா. ஒரு கையில அந்தக் காடா, இன்னொரு கையில ஒரு சின்னத் துண்டு. தலகாணி உறைக்குன்னு அதே கடையில அதே துணியில கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தாங்களாம். அதுல சரியா ஒரு மொழம் வெட்டி, அவங்க வீட்டு வாளியிலயே ஊற வெச்சு, ராத்திரி வாளியை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டி, காய வெச்சு அளந்திருக்காங்க. முழங்கையை நீட்டி என் கண்ணு முன்னாடியே துண்டை வெச்சாங்க. ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், கொறஞ்சுது; இருவது மொழத்துக்கு அதுவே ஒரு மொழம்.

"பாத்தியா?"ன்னாங்க, ஏதோ நா நம்பாத மாதிரி. அப்புறம் தெருப் பக்கம் திரும்பி, "இவன் எடுக்கல! அந்தத் துணிக்கடைக்காரன்தான் துணியோட காத்தையும் சேத்து அளந்து வித்திருக்கான்!"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மறைக்க, பைக்கு வெட்டி வெச்ச பேப்பரைத் தேடுற மாதிரி குனிஞ்சேன். நிமிந்தா, அக்கா எங்க வீட்டு நாற்காலியை மெஷின் பக்கத்துல இழுத்துப் போட்டு, முந்தானையைச் செருகிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"நீ வெட்டு தம்பி, உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்குது, நா சும்மாதான் உக்காந்திருக்கேன்."

நா திருடன் இல்லன்னு தெரு மொத்தமும் ஒத்துக்கிச்சுங்க, அதைத் தெனம் ஒருத்தர் வந்து உக்காந்து சரிபாத்துட்டுப் போறதால அந்த நாற்காலியைத்தான் எடுக்க முடியல.