புது மெஷின் பழைய சிடிய எடுக்குமா

ஆரியசாலையில நான் வீடியோ கேம் கடை வச்சிருந்தேன்னு சொன்னா இப்ப ஒருத்தரும் நம்ப மாட்டாவ. அதே முறியில, அந்த ஒத்த ரூமுலதான், முன்னால கயறு வித்தேன். கயறு போகல. பொறவு நாலு டிவி, நாலு மெஷின், ரெண்டு அலமாரி நிறைய சிடி. எனக்கு எழுத்து தெரியாது. மேல ஒட்டுன படத்தப் பாத்து எடுத்துக் குடுப்பேன். காருன்னா காரு, பந்துன்னா பந்து.

ரெண்டாயிரம் பொறக்குற சமயம்னு நெனைக்கேன், அடுத்த மெஷின் வரப்போவுதுன்னு ஒரே பேச்சு. கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் ஆபீசுல வேல பாக்குற ரெண்டு பேரு சனிக்கிழம தோறும் வருவானுவ. ஒருத்தன் கண்ணாடி போட்டவன், மத்தவன் தடியன்.

"புது மெஷின் பழைய சிடியெல்லாம் எடுக்கும் அண்ணாச்சி, நூத்துக்கு நூறு உறப்பு" ம்பான் கண்ணாடிக்காரன்.

"ஒண்ணு போடா. இனி சிடியே இருக்காது. கேமெல்லாம் போன் வயரு வழியா வரும்" ம்பான் தடியன்.

"வயருக்குள்ள எப்படிடே காரு வரும்?"

"சத்தம் வருதுல்லா அண்ணாச்சி? அதே மாதிரிதான்."

சத்தம் வரும், சரி. காரு எப்படி வரும்? எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல.

வீட்டுக்காரிக்கு இந்தக் குழப்பமெல்லாம் கெடையாது. "ஏங்க, இந்த சிடியெல்லாம் பழைய சாமான் எடுக்குற ஆக்கிரிக்காரன் வந்தா தூக்கிப் போடுங்க. முறிய எனக்குத் தாங்க, கிரைண்டர் போட்டு தோசமாவு அரைச்சுக் குடுக்கேன்" ன்னு நின்னா. புது மெஷின் பழைய சிடிய எடுத்தா ஒண்ணு வாங்கி கடைய ஓட்டலாம். எடுக்கலேன்னா முறி அவளுக்கு. அப்படித்தான் பேசி வச்சோம்.

யாருட்ட கேக்க? எங்க ஆளுகளுக்கு ரெண்டு மனசா இருந்தா அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்குறதுதான். கெணறு தோண்டவும் அப்படித்தான், பெண்ணு கெட்டவும் அப்படித்தான். என் கல்யாணத்துக்குக் கட்டுனப்ப வேண்டாம்ங்குற சிவப்பு வந்துச்சு. எங்கப்பா இன்னொரு தடவ கட்டச் சொன்னாரு. அத வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல.

வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போனேன். வெள்ளப் பூவு ஒரு எலயில, சிவப்பு ஒரு எலயில மடிச்சு அம்மன் காலுல போட்டாரு பூசாரி. "என்ன காரியம்?" ன்னு கேட்டாரு. "புது மெஷின் பழைய சிடிய எடுக்குமான்னு" ன்னேன். அவரு இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு. எடுக்கும்னா வெள்ள. நீயே எடுட்டீன்னு வீட்டுக்காரிட்ட சொன்னேன். எடுத்தா. வெள்ள. வழி முழுக்க எனக்கு முன்னால விறுவிறுன்னு நடந்தா.

கொஞ்ச மாசம் கழிச்சு கண்ணாடிக்காரனோட மச்சான் துபாயிலேருந்து அந்த மெஷினக் கொண்டு வந்தான். நான் வாங்குறதுக்கு முன்னால போட்டுப் பாப்போம்னு கடைக்குத் தூக்கிட்டு வந்தானுவ. காரு சிடியப் போட்டேன். சுத்துச்சு, நின்னுச்சு. பந்தப் போட்டேன். அதுவும் நின்னுச்சு. தடியன் அவன் வீட்டுலேருந்து ஒரு பழைய சிடி கொண்டு வந்து போட்டான். அது ஓடுச்சு!

கண்ணாடிக்காரன் என் சிடியத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டாணு. உங்க பழைய மெஷினத் திருத்தி வச்சிருக்கு, அது எடுக்கும். இது ஒரிஜினல் மாத்ரம் எடுக்கும்."

"எது டூப்ளிகேட்டு?"

"எல்லாம்தான் அண்ணாச்சி. ரெண்டு அலமாரியும்."

படம் ஒட்டியிருக்கே, பொறவு எப்படி டூப்ளிகேட்டுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சானுவ.

அப்ப அம்மன் சொன்னது பொய்யா? பொய்யில்ல, பழைய சிடிய எடுக்கத்தான் செய்யுது. டூப்ளிகேட்டுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு சிவப்பக் காட்டிருக்கலாம்லா? தெரியாம இருந்துட்டாளோன்னு நெனைக்க எனக்கு மனசு வரல. பூசாரிட்ட போயி கேட்டேன். "நீரு என்ன கேட்டீரோ, அதுக்கு அவ சொன்னா. கேக்காததுக்கு எப்படிச் சொல்லுவா?" ன்னுட்டு மணியத் தொடைக்கப் போயிட்டாரு. அதுவும் சரிதான் போல. இல்லாமலும் இருக்கலாம்.

திரும்பி வந்தா வீட்டுக்காரி முறியில நின்னு கிரைண்டருக்கு எடம் அளந்துட்டு இருந்தா. "அந்தத் தலப்பப் பிடிங்க" ன்னு அலமாரியோட மறு முனையக் காட்டுனா. பிடிச்சேன்.