மூத்தவளின் கணக்குப் பாடம்

என் நடுமகளுக்குப் பேச்சு திக்கும். ராஜபாளையத்தில் அவள் படித்த பள்ளியில், வாசிக்கச் சொல்லிவிட்டு டீச்சரே அவளைப் போல் திக்கிக் காட்டினார் என்று தெரிந்த அன்று மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவிட்டேன். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, நடுமகளுக்கு எட்டு, சின்னவனுக்கு நாலு.

மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர், "ஏட்டி, மூணு பேரையும் வச்சுச் சமாளிச்சிருவியா?" என்றார்.

"நான் பி.எஸ்சி. கணக்கு படிச்சவ. என்னால முடியாதா?"

மூத்தவள் மட்டும், "நான் ஸ்கூலுக்குப் போறேம்மா. எனக்கு அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லயே" என்றாள். தங்கையை அழவைத்த இடத்துக்கு இவள் மட்டும் எப்படிப் போகலாம் என்று கோபப்பட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். ஒன்பது மணிக்குச் சின்னவனுக்கு எழுத்து. பத்து மணிக்கு நடுமகளுக்கு வாசிப்பு. பதினொரு மணி மூத்தவளின் கணக்குக்கு. முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

பிறகு பதினொரு மணிக்குத் தண்ணீர் வரும், இல்லையென்றால் குக்கர் வைக்க வேண்டியிருக்கும். சின்னவன் ஓரிடத்தில் உட்காரமாட்டான். "செத்த நேரம் தம்பியப் பாத்துக்கோ" என்பேன். நடுமகள் என்னிடம் வாசித்தால் அதிகம் திக்கினாள். அக்காவிடம் அவ்வளவு திக்கவில்லை. அதனால் அந்தப் பாடமும் மூத்தவளிடம் போனது. சாயங்காலம், "கணக்கு முடிச்சிட்டியா?" என்று கேட்பேன். "முடிச்சிட்டேன்" என்பாள். நான் அட்டவணையில் டிக் போடுவேன். நோட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. பத்தாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கு அவளை அழைத்துப் போனேன். ஒரு தாளில் பத்துக் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "எட்டாவதுலதான் சேக்க முடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். விடைகள் எல்லாம் கைடைப் பார்த்து எழுதியவை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"புரியலன்னு சொல்லத்தான் வருவேன். நீ தம்பியக் கையில குடுத்துருவ." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு பேருக்கும் நான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"



இப்போது நடுமகள் ஒரு பக்கத்தை அநேகமாகத் திக்காமல் வாசிக்கிறாள். "பிள்ளையத் தேத்திக் கொண்டுவந்துட்டியே" என்று சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அது மூத்தவளின் உழைப்பு என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். எப்படி என்று கேட்டால் மீதியையும் சொல்ல வேண்டிவரும். அதனால் சும்மா இருந்துவிடுகிறேன்.

எட்டாவதில் சேர்ந்த மூத்தவளை வகுப்பில் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடுகிறார்களாம். அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்; சின்னவன்தான் என்னிடம் சொன்னான். ஒரு காலையில், "ஹெச்.எம். கிட்ட வந்து பேசட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.