லெமினேட் செய்த யானைகள்

போன கிழமை மகளின் பாடசாலை அட்டையை லெமினேட் செய்யப் புத்தளத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்குப் போயிருந்தேன். மெஷின் சூடாகி, பிளாஸ்டிக் உறை உருளைகளுக்குள் நுழைந்ததும் ஒரு வாசம் எழும்பியது பாருங்கள். வெறும் பால்மா பக்கெட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்தினார். நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். அப்படி ஒரு மெஷினுக்கு முன்னால் இருந்துதான் நான் வேலை பழகினேன்.

அது மதுரங்குளிச் சந்தியில் இருந்த ஒரு கொமினிகேஷன். நவாஸ் காக்காவின் கடை. ரீலோட், போட்டோகொப்பி, வெளிநாடு போகிறவர்களின் விண்ணப்பம், கல்யாணக் காட் என்று எல்லாம் நடக்கும். ஆனால் கடையின் புகழ் லெமினேட்டில்தான். கடலோரக் காற்று கடதாசியைத் தின்றுவிடும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பயம். பிறப்புப் பத்திரம், காணி வரைபடம், வாசல் கதவுக்கு மேல் ஒட்டும் ஆயத்துல் குர்ஸி வசனம், எது கிடைத்தாலும் பிளாஸ்டிக்குக்குள் போட்டுவிடுவார்கள். ஒருவர் மீன் குழம்பு வைக்கும் முறையை எழுதிக் கொண்டுவந்தார், மகள் சவூதிக்குக் கொண்டுபோக. அதையும் போட்டுக் கொடுத்தேன்.

கடையில் என்னோடு வேலை செய்தவள் ஷிபானா. என் வயதுதான். தொண்ணூறில் மன்னாரில் இருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பம். அவள் பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில். மன்னாரை ஒழுங்காகப் பார்த்திராத மன்னார்க்காரி என்று நான் பகிடி பண்ணுவேன். அவளுக்குக் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவள் செய்வது எல்லாமே வேகம்தான். பிளேன்டீயைக்கூட நின்றுகொண்டே குடித்து முடிப்பாள்.

அவளிடம் ஒரு அட்டைக்கட்டு இருந்தது. பெரியப்பாவின் மகன் கட்டாரில் இருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிராணி, அதற்கு ஒரு பலம், அதை இறக்க ஒரு விலை. விலை கொடுப்பதற்கு ‘நிலம்’ என்று தனி அட்டைகள். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் கீழே வைக்கலாம். நிலம் சேரச் சேரப் பெரிய பிராணிகளை இறக்கலாம். எதிராளியின் உயிர்ப்புள்ளிகளை முதலில் முடிக்கிறவர்தான் வென்றவர். ளுஹர் தொழுகைக்குப் பிறகு வெயிலுக்குப் பயந்து கடைக்கு ஒருவரும் வராத நேரத்தில் அவள் எனக்கு இதைச் சொல்லித் தந்தாள்.

“உன்ட கட்ட நீதான் தெரிஞ்செடுக்கோணும். என்டதில பாதியப் பிரிச்சு ஆடினா அது ஆட்டமில்லடி,” என்றாள்.

புத்தளம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கட்டு விலைக்குக் கிடையாது. ஆனால் நாங்கள் யார்? கலர் பிரின்டர் வைத்திருக்கும் ஆட்கள். இணையத்தில் படங்களைப் பார்த்துப் பிடித்ததை எடுத்து, கல்யாணக் காட் வெட்டி மிஞ்சிய தடித்த தாளில் அடிப்போம் என்று முடிவெடுத்தோம். நவாஸ் காக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

“ஷைத்தான், ஜின், சூனியம் இதெல்லாம் என்ட கடையில அடிக்கப்படாது.”

அவர் சும்மா சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து குந்திவிட்டார்.

“இது என்ன புள்ள, கொம்போட?”

“மாடு, காக்கா.”

“மாட்டுக்கு எறக்கையா?”

நான் மவுஸை மெல்ல நகர்த்தினேன்.

“பறக்கிற மாடு வேணாம். அடுத்தத எடுங்க.”

இப்படியாக உலகத்தில் மார்க்கத் தீர்ப்போடு தெரிவான முதல் அட்டைக்கட்டு என்னுடையதாகத்தான் இருக்கும். மந்திரவாதிகள் போனார்கள், எலும்புக்கூடுகள் போயின, நெருப்புக் கக்கும் அரணை ஒன்று நீண்ட விவாதத்துக்குப் பிறகு போனது. மிஞ்சியவற்றில் நான் யானைகளை எடுத்தேன். காண்டாமிருகம், திமிங்கிலம், பிறகு இன்னும் யானைகள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழைதான், படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆசை. நிலத்துக்கு ஏன் தாளை வீணாக்க வேண்டும் என்று ஏழெட்டு மட்டும் அடித்தேன். ஆனால் அடுத்த பிழையை எங்களைத் தவிர வேறு ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள். அடித்து முடித்த கையோடு, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், எல்லாவற்றையும் லெமினேட் செய்துவிட்டோம்.

கட்டு ஒரு செங்கல் உயரத்துக்கு வந்தது. கலைக்கவே முடியவில்லை. கையில் எடுத்தால் நழுவி, மேசையில் வழுக்கி, அலுமாரிக்கு அடியில் போனது. ஷிபானா தரையில் இருந்து சிரித்த சிரிப்புக்கு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் பாயை விரித்து, அட்டைகளைக் கவிழ்த்துக் கொட்டி, கருவாடு கிளறுவது மாதிரி இரண்டு கையாலும் கிளறிக் கலைத்தோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என் கை நிறைய யானைகள் நிலமில்லாமல் நின்றுகொண்டிருக்க, அவளுடைய சின்னச் சின்னப் பறவைகள் முதல் முறையிலேயே இறங்கி, கொத்திக் கொத்தி என்னை முடித்துவிடும். எனக்கு அவமானமாக இல்லை, பிடிவாதம்தான் வந்தது. பழகினால் வெல்வேன் என்று நன்றாகத் தெரியும், அவசரம் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படியிருக்க ஒரு நாள் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே சொன்னாள். “மன்னார்ல வாப்பாட ஊட்டு வேல முடியப் போகுதாம். ஹஜ் பெருநாள் கழிய அங்க போயிருவோம்.”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் அன்று பின்னேரம் பஸ்ஸில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இவள் போவதற்கு முன் ஒரு தரமாவது இவளை வெல்ல வேண்டும். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருத்தியாக அவள் நினைவில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

என் வாப்பா பாலாவியில் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு எப்படி விளைகிறது என்று சின்ன வயதில் இருந்தே எனக்குத் தெரியும். களப்புத் தண்ணீரை நேராகக் கடைசிப் பாத்திக்கு விட்டால் ஒன்றும் கிடைக்காது. முதலில் பெரிய பாத்தி, அங்கே வற்றி உப்பு உறைத்த பிறகு அடுத்தது, அதற்குப் பிறகுதான் கடைசிப் பாத்தி. யானைகளை வைத்துக்கொண்டு நான் செய்தது, தண்ணீரை நேராகக் கடைசிப் பாத்திக்கு விட்ட வேலை. கட்டைப் பிரித்தேன். பாதி யானைகளை ஓய்வுக்கு அனுப்பினேன். நிலங்களைக் கூட்டினேன். பறவையைத் தடுக்கிற ஆமை, முள்ளம்பன்றி, வலை வீசுகிற சிலந்தி என்று ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன். குகை வாசலில் வலை பின்னி நபியைக் காத்த பிராணி என்று நவாஸ் காக்கா சிலந்திக்கு உடனே சம்மதித்தார். லெமினேட்டும் செய்தேன், பழக்கத்தை விட முடியுமா? அந்தக் கட்டைத் தெரிந்தெடுத்தபோது நான் அட்டைகளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். எந்த இடத்தில் பொறுமை இழப்பாள், எந்த அட்டையை எடுக்கும்போது உதட்டைக் கடிப்பாள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன்.

பெருநாள் கழிந்து அவள் கடைக்கு வந்த கடைசி நாள் ஆடினோம். பறவைகள் வந்தன, சிலந்தி வலையில் மாட்டின. ஆமை நகரவில்லை. நான் ஒவ்வொரு முறையும் ஒரு நிலத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். “என்னத்துக்கடி சும்மா இருக்கிறாய்? ஏதாவது போடன்!” என்று கத்தினாள். நிலம் நிறைந்ததும் ஒரு யானையை இறக்கினேன். அடுத்த முறை இன்னொன்று. அவளுடைய உயிர்ப்புள்ளியில் ஒன்றும் மிஞ்சவில்லை. பாவம் பார்த்து விட்டுத் தந்தாளோ என்று கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அட்டைகளைப் பாயில் எறிந்துவிட்டு, “இன்னொரு ஆட்டம்!” என்றாள். அதற்குள் அவளோடு கூடப்பிறந்த நானா ஆட்டோவோடு வாசலுக்கு வந்துவிட்டார். “மன்னாருக்கு வா, காட்டுறன்,” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வென்ற கட்டோடு நான் நிமிர்ந்து நடந்தேன். பிறகு எனக்கு நிக்காஹ் முடிந்து, என் மாப்பிள்ளைக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, அவர் கேட்ட அட்டைகளில் அவருக்கும் ஒரு கட்டு அடித்து, ஆமையையும் சிலந்தியையும் இறக்கினேன். சரியாகத் தோற்றேன். மறுநாளும் தோற்றேன். அவர் பறவையே வைக்கவில்லை. மெதுவாக ஆடுகிற மனிதர், உதட்டையும் கடிக்கவில்லை. என் வலையில் விழ ஒன்றுமே வரவில்லை. அப்போதுதான் விளங்கியது, அந்தக் கட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிராளிதான்.

இப்போது மகளின் வகுப்புப் பிள்ளைகள் இதே மாதிரிக் கட்டுகளை மூடின பெட்டியோடு இணையத்தில் வாங்குகிறார்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு எது நல்லது என்று சொல்ல வீடியோக்கள் இருக்கின்றன. பறக்கிற மாட்டைத் தடுக்க ஒருவரும் இல்லை, நவாஸ் காக்கா கடையைக் கொடுத்துவிட்டார். நேற்று ஷிபானாவோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். மூன்று பிள்ளைகளின் தாய், இன்னும் அதே அவசரம், பின்னால் குக்கர் கூவுகிறது. “நீ எனக்கு ஒரு ஆட்டம் கடன், தெரியுமா?” என்றேன்.

“எந்த ஆட்டம்?” என்றாள். பிறகு சிரித்தாள். “அல்லாவே, அதுவா? எப்பிடி ஆடுறது என்டே மறந்துபோச்சுடி. யானையோ ஒட்டகமோ, என்னமோ வச்சிருந்தாய். நீ ஒருக்காலும் வெல்லயில்ல, அது மட்டும் ஞாபகம் இருக்கு.”