தலை கட்லா, உடல் ரோகு

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் வரைபவனாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தீப்பெட்டி கம்பெனி, மீன் படம் போட்ட லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தது. திருத்தங்கல் பக்கத்துக் கண்மாயில் அரசாங்கம் விட்ட குஞ்சுகள் பெருத்து, மீன்பிடி நடந்துகொண்டிருந்த சமயம். அங்கே ஒரு மீனை வாங்கிவந்து, பார்த்து அப்படியே வரைந்தேன். பிறகு வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டோம்.

மறுநாள், நோட்டீஸ் அடிக்க விருதுநகரிலிருந்து வந்த மீன்துறை அதிகாரி என் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "தலை கட்லா, உடம்பு ரோகு. ரெண்டையும் ஒட்டவச்சிருக்கீங்க தம்பி. இப்படி ஒரு மீனே கிடையாது."

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏலே, பாத்து வரையத் தெரியாதவனுக்கு இங்கன என்னலே வேல? சனிக்கிழமைக்குள்ள மாத்து. இல்லன்னா வேற ஆளு வரையட்டும்."

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மனசுதான் ஒப்பவில்லை. இருந்ததைத்தானே வரைந்தேன்?

விடிந்ததும் சைக்கிளில் கண்மாய்க்குப் போனேன். வலையிலிருந்து மீனைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அம்புட்டும் மீன்தான! இதுல எதத் தேடுதீக?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். ஆனால் அதன்பிறகு அவரும் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கரையில் கால் வைக்கும்போதே, "ஓடி வாங்க தம்பி, ஒங்க மீனு!" என்று கத்தினார்.

ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறினேன். கவிச்சி வாடைக்குக் கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்கு விரட்டினார்.

அதிகாரி முதலில் அசிரத்தையாகத்தான் சாக்கைப் பிரித்தார். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்தார். மீனின் வாயைத் திறந்து உதட்டைத் தடவிப் பார்த்தார்; துடுப்பின் முள்ளை எண்ணினார்; புத்தகத்தைப் புரட்டினார்.

"கலப்பு மீன் தம்பி! ஆத்துல ரெண்டு ஜாதியும் ஒண்ணா முட்டையிட்டப்போ கலந்திருக்கு. குஞ்சோட குஞ்சா இங்க வந்திருக்கு. நான் கண்ணால பாக்குறது இதான் முதல் தடவை."

என்னோடேயே அச்சகத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும், "தப்பு என்னுது. இவர் வரைஞ்சதுதான் சரி" என்றார். அந்தப் படத்தில் ஒரு பிரதியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதலாளி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடியே அச்சுக்கல்லுல ஏத்துலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

என் கண்ணை நான் நம்பலாம் என்ற தைரியமும், சந்தேகம் வந்தால் வாதாடாமல் திரும்பப் போய்ப் பார்த்துவிடும் பழக்கமும் அந்த மூன்று நாளில் வந்தவை. இன்றுவரை என்னை அவை கைவிட்டதில்லை.