பென்சிலால் எண்ணியவர்

மாலை நாலு பத்துக்கு, அத்திப்பள்ளி எல்லைச் சாவடி அருகே, பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, சின்னவ உங்ககிட்டயா இருக்கா?" முன்சீட்டில் நானும் கார் தரகரும் மட்டுமே இருந்தோம்.

ஓசூரில் அவரிடம் இரண்டு பழைய வண்டிகள் விற்பனைக்கு இருந்தன. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் நீளமான சொகுசுக் காரில் போய் இறங்க எனக்கு ஆசை. மனைவிக்கோ நான்கு பிள்ளைகளும் தாராளமாக உட்காரும் வேன்மேல் கண். சொகுசுக் காரை விற்றால்தான் தரகருக்கு லாபம் அதிகம். அதையே முதலில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பென்சில். வண்டியில் யார் ஏறினாலும் அதை நீட்டித் தலைகளை எண்ணுவார். நாங்கள் ஏறியதும் "ஒந்து, எரடு, மூரு..." என்று கன்னடத்தில் எண்ணி முடித்து, "ஆறு பேரு, சரியா இருக்குது சார்" என்றார். எங்கள் குடும்பம் ஆறு பேர்தான். நம்பிவிட்டேன்.

"உங்களையும் சேத்தா எண்ணினீங்க?" என்று சாவடியில் கத்தினேன்.

"நானும் உக்காந்திருக்கேனில்ல சார்?"

வண்டியைத் திருப்பினேன். மனைவி வழியெல்லாம் அழுதாள். தரகரோ பென்சிலால் காதைக் குடைந்துகொண்டு வந்தார். அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

தரகரின் கடை வாசலில் நின்ற வேனின் கதவு திறந்தது. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் கடலைமிட்டாயோடு சின்னவள் இறங்கி வந்து தரகரைக் காட்டினாள்.

"அப்பா, இந்த மாமாதான் இதுல ஒளிஞ்சுக்கச் சொன்னாரு. என்னை விட்டுட்டுப் போனாத்தான், நம்ம எல்லாருக்கும் கார்ல இடம் பத்தாதுன்னு நீயே கண்டுபிடிப்பியாம்!"