சென்டர் மாமாவின் கால்கள்

என் மாமாவுக்கு இரண்டு கால்கள் இருந்தன என்பது வாணியம்பாடி முழுக்கத் தெரிந்த விஷயம். அவருக்குப் பெயர் ஒன்று இருந்ததும், எங்கள் ஊர்க் கல்லூரியில் அவர் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்ததும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நம்மவர்கள் வெறுங்காலோடுதான் கால்பந்து ஆடுவார்கள். கல்லூரி அணியில் மாமா சென்டர் பார்வர்டு. அதனால் தோல் மண்டியிலிருந்து ஜட்கா வண்டிகள் நிற்கும் இடம் வரைக்கும் அவருக்குச் ‘சென்டரு’ என்றே பெயர்.

அவர் என் அம்மாவின் தம்பி. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து படிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ‘சென்டரு அக்கா பொண்ணு’ என்பதற்காகவே வேர்க்கடலைக்காரர் எனக்கு ஒரு பிடி கூடுதலாகப் போடுவார். அந்தப் பெருமையை நான் கொஞ்சமும் வீணாக்கவில்லை. தேவையில்லாதபோதும் அவர் கூடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன்.

மைதானம் பாலாற்றங்கரையில் இருந்தது. ஆட்டம் உள்ள நாளில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் வேலை செய்பவர்கள் முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்த கையோடு அப்படியே வந்துவிடுவார்கள். முதலாளிமாருக்கு ஒரு பக்கம் நாற்காலி போட்டிருக்கும். ஒரு பக்கம் உருதுவில் கத்துவார்கள், எதிர்ப்பக்கம் தமிழில் கத்துவார்கள். மாமா கோல் போட்டுவிட்டால் எது எந்த பாஷை என்று தெரியாத ஒரே கூச்சலாகிவிடும். அந்தக் கூச்சல் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும் என்று அம்மா சொல்வாள். அவள் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்த மாமா, கிணற்றடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாடா, தல வலிக்குதா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லக்கா. கத்துறாங்க.”

“யாரு கத்துறாங்க? வெளிய ஒருத்தரையும் காணமே.”

“வெளிய இல்லக்கா. மண்டைக்குள்ள. மைதானத்துல கத்துனது நிக்கவே மாட்டேங்குது. கத்திக்கினே இருக்குது.”

அம்மா அவர் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய்க்கு அடங்கவில்லை. அதற்குப் பிறகு மாமா தூங்குவதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். நான் கதை கேட்டால் ஆரம்பிப்பார். ராஜா காட்டுக்குப் போவான், அப்புறம் அந்த ராஜா காட்டிலேயே நின்றுவிடுவான்.

ஒரு வாரம் அவர் பயிற்சிக்குப் போகவில்லை. ஊர் பதறிவிட்டது. முதலில் பரிசோதனை செய்தவர் என் அப்பா. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள் கீறியது என்று சொல்லிவிடுவார். மாமாவை முக்காலியில் உட்காரவைத்து, கணுக்காலிலிருந்து தொடை வரை அதே மாதிரி தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் காத்திருந்தவர்களிடம், “ஒரு பழுதும் இல்ல. ஒண்ணாம் நம்பர்” என்று அறிவித்தார். ஊர் பெருமூச்சு விட்டது.

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. காலுக்குக் கால்தான் பலம் என்று அக்கம்பக்கத்து சாய்பு வீடுகளிலிருந்து ஆட்டுக்கால் பாயா தூக்குத் தூக்காக வந்து இறங்கியது. மாமா தொடவில்லை, நான்தான் குடித்து முடித்தேன். தர்காவில் ஓதிய தாயத்தை ஒருவர் அவர் வலது கணுக்காலில் கட்டிவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி, வலதுக்கு மட்டும் செய்தால் போதாது என்று இடது காலைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்தார். தலைப் பக்கம் யாரும் போகவேயில்லை.

கல்லூரி வாத்தியார் ஒருவர் மட்டும் வந்து மாமாவோடு தனியாகப் பேசிவிட்டு, “பையனுக்கு ஓய்வு வேணும். இந்தப் பருவம் ஆட வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மனைவி வேலூர்க்காரி என்பது அன்று சாயங்காலமே கண்டுபிடிக்கப்பட்டது. கோப்பைக்கான கடைசி ஆட்டமோ வேலூர் அணியோடு. இதற்குமேல் அந்த வாத்தியாரின் பேச்சை யார் கேட்பார்கள்!

அணிக்குச் செலவு செய்கிற தோல் ஷாப் முதலாளியும் ஒரு நாள் நேரில் வந்தார். பெரிய மனிதர், நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் அது ஒருமுறை முனகியது.

“தபியத் சரியில்லைன்னு கேள்விப்பட்டேன், பேட்டா. எங்கே, காலைக் காட்டு.”

மாமா காட்டினார். முதலாளி குனிந்து பார்த்தார்.

“கால் அச்சாவாத்தானே இருக்குது! பின்னே இன்னா பேஜாரு உனக்கு?”

மாமா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் நின்ற கூட்டமெல்லாம் கழுத்தை நீட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டார். முதலாளி அவர் முதுகில் தட்டி, “ஜாஸ்தி யோசனை பண்ணாதே” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனதும் ஒரு கூஜா பால் அனுப்பினார்.

எல்லாவற்றையும் மிஞ்சியவர் அந்த ஷாப்பின் மேஸ்திரி. மாமா ஆடுகிற ஆட்டத்தில் அவர் பார்க்காதது ஒன்றுகூடக் கிடையாது. அவர் ஒரு மொடா நிறைய ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரை ஆள்வைத்துச் சுமந்துகொண்டு வந்தார். ஆட்டுத்தோலை ஊறப்போட்டுப் பதனிடுகிற அதே தண்ணீர்தான்.

“பச்சத் தோலே இதுல கெடந்தா இரும்பாய்டுது. நம்ம சென்டரு காலு ஆவாதா?” என்று கேட்டார்.

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாமா தினமும் சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்து முழங்கால் வரை மொடாவுக்குள் விட்டுக்கொண்டிருப்பார். தோல் ஷாப் ஆட்கள் சுற்றி நின்று, இன்னும் கொஞ்சம் ஊறவேண்டும், நிறம் ஏறவில்லை என்றெல்லாம் தொழில்முறையில் அபிப்பிராயம் சொல்வார்கள். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா?

“அவன் தூங்கறதில்ல மேஸ்திரி. சாப்புடறதில்ல. இந்த ஒரு ஆட்டம் அவன வுட்டுடுங்களேன்” என்று அம்மா கெஞ்சினாள்.

“அதத்தாம்மா நானும் சொல்றேன். தூக்கம் இல்லன்னா காலுக்கு பலம் எங்கிருந்து வரும்? நீ முட்ட குடும்மா.”

அந்த நாட்களில் அம்மா கிணற்றின் மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் உரலை உருட்டி வைத்தாள். ஆட்டுக்குட்டி விழுந்துவிடும் என்று அப்பாவிடம் காரணம் சொன்னாள். எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டி எதுவும் இல்லை. என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டாள். “மாமா எங்க போனாலும் நீயும் கூடவே போ. தனியா வுடாத. வுட்டன்னா முதுகுத் தோல உரிச்சிருவேன்” என்றாள். ஊரின் கால்களைக் காவல் காக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்ததாக நினைத்து, நான் மிகவும் மிடுக்காக அவர் பின்னாலேயே சுற்றினேன். அம்மா அவரை எதிலிருந்து காக்கச் சொன்னாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கடைசி ஆட்டத்தன்று தெருவில் தாரை தப்பட்டையோடு கூட்டம் வந்து நின்றது. மாமாவின் கால்கள் முழங்கால் வரை செம்மண் நிறத்தில் இறுகியிருந்தன. அதற்கு மேலே அவர் வெளுத்துப்போய் நின்றார். அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, “வேணாம், அவன் வரமாட்டான்” என்றாள்.

அப்பா அவள் காதருகே போய், “ஊரே நிக்குது. நான் இன்னா சொல்றது?” என்றார்.

அப்பா அந்த ஊரில் வேலை பார்க்கிறவர். அம்மா நகர்ந்துகொண்டாள். மாமாவை ஜட்காவில் ஏற்றினார்கள். நானும் தாவி ஏறிக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், மாமா நன்றாகவே ஆடினார். இடைவேளைக்கு முன்னால் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு ஒரு கோலும் போட்டார். கூச்சல் ஆற்றுக்கு அக்கரை வரை போனது. “பாத்தியா பட்டத் தண்ணிய!” என்று மேஸ்திரி கண்ணில் தண்ணீரோடு கத்தினார். மாமா மட்டும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். அது புது மாதிரியான வெற்றிக் கும்பிடு என்று நினைத்து மைதானத்திலிருந்த பொடிப்பயல்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்தேன்.

வேலூரும் ஒரு கோல் போட்டது. நேரம் முடியப் போகிற சமயம், பந்து மறுபடி மாமாவின் காலுக்கு வந்தது. வேலூர் கோல்கீப்பர் தடுமாறி விழுந்துகிடந்தான். கோல் திறந்தே கிடந்தது, நானே உதைத்திருப்பேன். எழுந்த கூச்சலில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மாமா பந்தை உள்ளங்காலால் அழுத்தி நிறுத்தினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டு, பந்தை அங்கேயே விட்டுவிட்டு, கோல் கம்பத்தைத் தாண்டி ஆற்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

இது ஏதோ தந்திரம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். வேலூர்க்காரர்களும் அப்படியே நினைத்துப் பந்தைத் தொடாமல் விழித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவன் சுதாரித்துக்கொண்டு பந்தை எடுத்துப் போய் எங்கள் கோலில் அடித்தான். நான் அதைப் பார்க்கவில்லை. நான் உத்தியோகம் தவறாமல் மாமாவின் பின்னால் மணலில் ஓடிக்கொண்டிருந்தேன்.

பாலாற்றில் வழக்கம்போல மணல்தான் ஓடியது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. மாமா அதன் ஓரத்தில் உட்கார்ந்து மணலை அள்ளிக் காலைத் தேய்த்தார். சாயம் போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவர் தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

“பாப்பா, இங்க ஒண்ணும் கேக்கல, இல்ல?”

“இன்னா மாமா கேக்கல? ஊரே உங்கள அசிங்க அசிங்கமா திட்டுது, அது கேக்கலியா?” என்றேன்.

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. கோப்பையைப் பறிகொடுத்துவிட்டு என்ன சிரிப்பு?

வீட்டுக்கு வந்ததும், “பசிக்குதுக்கா” என்றார். அம்மா பழைய சோற்றை வட்டிலில் போட்டு மோர் ஊற்றினாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பாயில் சாய்ந்து தூங்கிப்போனார். அம்மா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் வந்துசேர அதிக நேரமாகவில்லை. வேலூர்க்காரனிடம் விலைபோய்விட்டான் என்றார்கள். பாயாத் தூக்கைத் திருப்பிக் கேட்டார்கள். தோலிலிருந்து சுரண்டிய ஜவ்வை யாரோ எங்கள் கதவில் வீசினார்கள். அந்த நாற்றம் பல நாள் போகவில்லை. மேஸ்திரி எதையும் வீசவில்லை. தெருவிலேயே குந்திக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி அழுதார். அவருடைய அழுகை நிஜமானது என்பதை இப்போதும் சொல்வேன்.

அம்மா வெளியே வந்து நின்று, “சத்தம் போடாதீங்க. தூங்குறான்” என்றாள்.

அதுதான் எல்லோரையும் கொதிக்க வைத்தது. “ஊரத் தோக்க வெச்சுட்டு தூங்குறானாம்பா!” என்று தெருமுனை வரை அந்தச் செய்தி போனது.

அவர் மறுநாள் பொழுது சாயும் வரை தூங்கினார். ஊருக்கும் அடுத்த மாதமே வேறொரு சென்டர் கிடைத்துவிட்டான்; மொடா அவன் வீட்டுக்குப் போனது. ஆனால் அதற்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமை, அம்மா தலைக்குக் குளித்து, புதுப்பானை வாங்கி, மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். தேங்காய் உடைத்தாள். நெற்றி மண்ணில் படும்படி விழுந்து கும்பிட்டுவிட்டு, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“வேலூரு ஜெயிச்சதுக்கு இவ பொங்க வெக்கிறா பாருடி” என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். ஊருக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. கோயிலில் அம்மா நீட்டிய பொங்கலை ஒருவர்கூடக் கை நீட்டி வாங்கவில்லை. போன பானை அப்படியே திரும்பி வந்தது.

வீட்டில் அம்மா எனக்கு ஒரு இலை போட்டாள். வெல்லமும் நெய்யும் மணக்க, முந்திரியைத் தேடி எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். நானும் அந்த ஊர்க்காரிதானே? இலையைத் தள்ளிவிட்டேன்.

“எனக்கு வேணாம். வேலூரு பொங்கலு.”

அம்மா என்னை அடிக்கவில்லை. பக்கத்து அறையில் மாமா தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இலையைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல், சிரித்த முகத்தோடு சாப்பிட்டாள். நம் ஊர் தோற்றதில் இவளுக்கு அப்படி என்னதான் சந்தோஷம் என்று நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.