சீனியை விட்டவர்களும் சட்டையை விடாதவர்களும்

1. முதல் சுற்று

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் கைடாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு கூடம் கூடமாக ஆங்கிலத்தில் எத்தனையோ சுற்றுகள் காட்டியிருக்கிறேன். ஆனாலும் தமிழில் காட்டிய முதல் சுற்றை நினைத்தால் இன்றைக்கும் மனம் துள்ளுகிறது.

மேலாளர் ஹெலனை நச்சரித்து வாங்கிய அனுமதி அது. "ஒருமுறை செய்து பாருங்கள். ஆட்கள் சலித்துப்போனால் இதோடு விட்டுவிடுவோம்" என்று சொன்னவர், தானே வந்து பின்னால் நின்றார். தமிழ் தெரியாதவர். ஆட்களின் முகங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்.

லண்டனுக்குள்ளேயே பிளேஸ்டோவிலிருந்தும் வெம்பிளியிலிருந்தும் எங்கள் ஈழத்து ஆட்கள் வந்திருந்தார்கள். கூடமோ பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்த எவரும் செய்யக்கூடிய பிழையைத்தான் நானும் செய்தேன். பரீட்சைக்குப் பாடமாக்கியதுபோல ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். பிரிட்டனின் கையை விட்டு அமெரிக்கா போனதற்குக் காரணங்கள், பிரெஞ்சுப் புரட்சியின் விளைவுகள் என்று வரிசையாகச் சொன்னேன். அவர்களும் அதே பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தானே! கைகட்டி, வாய்திறக்காமல், மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஹெலன் கொட்டாவியை அடக்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடியே ஆட்களை அடுத்த பக்கம் கூட்டிப்போனேன்.

2. கண்ணாடி அலுமாரி

அடுத்தது தேநீர்க் கோப்பைகள் வைத்த அலுமாரி. பதற்றத்தில் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோய், வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"அந்தக் காலத்தில கன வீடுகளில பொம்பிளையள் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதை விட்டவை. அடிமையளை வதைச்சு எடுத்த சீனி வேண்டாம் எண்டு. அவையளுக்கு வோட்டு இல்லை. சீனியை விடத்தான் ஏலும்."

பிளேஸ்டோ சரோஜா அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"தாங்களாவோ விட்டவை?"

"ஓம் அக்கா, தாங்களாத்தான்."

"ஊரில சண்டைக்காலத்தில அரசாங்கம் எங்களுக்குச் சீனி வர விடேல்லை. வந்திருந்தால் நான் ஒருநாளும் விட்டிருக்கமாட்டன். இவையள் கெட்டிக்காரியள்!"

"பொறுங்கோ" என்றார் குலம் அண்ணை. வெம்பிளியில் கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த நீராவி இஞ்சினின் மாதிரியைக் காட்டினார். "தங்கச்சி, இது என்னத்துக்கு?"

"பஞ்சு மில்லுகளுக்கு அப்பதான் இது வரத் தொடங்கினது, அண்ணை."

"அந்தப் பஞ்சை ஆர் பிடுங்கினது?"

"கனக்க அடிமையள்தான்."

"அப்ப சீனியை விட்டவை சட்டையையும் விட்டவையோ?"

கூடம் அதிர்ந்தது! "பின்னை, சட்டையில்லாமல் தெருவில போறதோ?" என்று சரோஜா அக்கா சீறினார். "எல்லாத்தையும் ஒரேநாளில விடேலாது. கைக்கு எட்டினதிலதான் தொடங்கலாம்."

"அது மனச்சாட்சிக்குப் பூசுற பவுடர்!" என்றார் குலம் அண்ணை.

வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "பார்லிமெண்ட் கேட்டதோ?" என்று யாரோ கத்தினார்கள்.

"உடன கேக்கேல்லை. அடிமை வியாபாரத்தை நிப்பாட்டுற மசோதாவைத் தோற்கடிச்சவை. தடை வரக் கன வருஷம் எடுத்தது."

"பாத்தியளோ!" என்றார்கள் சரோஜா அக்காவும் குலம் அண்ணையும் ஒரே நேரத்தில், தாங்கள்தான் வென்றதுபோல. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

ஹெலன் பதறியடித்து வந்தார். "சண்டையா?"

"ஆமாம். இந்தப் பெண்கள் செய்தது சரியா பிழையா என்று."

அவர் அலுமாரியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். சுற்றுக்கான நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. "இந்த அலுமாரிக்கு முன்னால் யாரும் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை" என்றார். "அடுத்த மாதமும் வையுங்கள். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா?"

"ஏலாது" என்றேன், தமிழிலேயே. அவருக்கும் அது விளங்கிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆட்கள் அடக்கமாகத் தலையாட்டினால் மகிழ்ந்துபோகாதீர்கள். யாராவது உங்களை மறித்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். சுற்று அங்கேதான் தொடங்குகிறது.